வால் மவுண்ட் ஹைட் ஸ்கேல்: ஒன்றரை வருஷம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சுருண்டு கிடக்கும் இரும்பு நாடா, தலையில் வந்து உட்காருகிற மாதிரி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டை, இரண்டு ஸ்க்ரூ, படம் போட்ட துண்டுக் காகிதம். 2024 மார்ச்சில் ஆன்லைனில் வாங்கினேன். 640 ரூபாய். கம்பெனி பெயர் எழுதவில்லை, இதே அச்சில் நாலைந்து பெயரில் விற்கிறார்கள், எல்லாம் ஒரே சாமான்தான். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன், ஒன்று ஏன் குறைத்தேன் என்பதையெல்லாம் சொல்வதற்கு முன்னால், உயரம் அளப்பதற்கு ஒரு தையல்காரி ஏன் காசு கொடுத்து சாமான் வாங்கினாள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னாளபட்டியில் தைக்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் கழுத்தில் டேப்தான் மாலை. பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், பட்டுப் பாவாடை. ஆளைப் பார்த்தாலே மார்பளவு முப்பத்திநாலா முப்பத்தாறா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் வீட்டில், என் மகளின் உயரத்தை மூன்று சென்டிமீட்டர் தப்பாக இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதற்குக் காரணம் ஒரு ஒட்டகச்சிவிங்கி. பிள்ளைகள் அறைக்கென்று விற்பார்களே, 60 செமீ முதல் 180 வரை கோடு போட்ட ஸ்டிக்கர், அதுதான். தரையிலிருந்து சரியாக 60 செமீ மேலே அதன் அடிப்பாகம் வரவேண்டும். என் வீட்டுக்காரர் 2020 லாக்டவுனில் ஸ்கேல் வைத்து ஒழுங்காகத்தான் ஒட்டினார். பிறகு 2022 வைகாசியில் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். பழைய சிமெண்ட் தரையைக் கொத்தாமல் அதற்கு மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்தார்கள். தரை மூன்று சென்டிமீட்டர் ஏறிவிட்டது. ஒட்டகச்சிவிங்கி ஏறவில்லை. அந்த ஜூனில் பிள்ளைகளை நிற்கவைத்துப் பார்த்தால் ரெண்டு பேரும் கிடுகிடுவென்று வளர்ந்திருக்கிறார்கள். பாப்பா ஒரே வருஷத்தில் ஏழு செமீ. "பாத்தியா, எல்லாரும் சின்னப் பிள்ளையா இருக்கு, சின்னப் பிள்ளையா இருக்குன்னாங்க" என்று அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அளந்ததும் கிட்டத்தட்ட அதே கணக்குக்குத்தான் வந்தது. ஷூவோடு நிறுத்தி, ரிப்பன் கட்டி மடித்த ரெட்டைச் சடைக்கு மேலேயே கம்பியை இறக்கி அளந்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. தப்பும் தப்பும் சேர்ந்து ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னது.

எங்கள் அத்தைக்கு இதில் கவலையே இல்லை. "நம்ம வகையறாவுல யாரு நெட்டை? எல்லாம் குத்துவிளக்கு மாதிரிதான்." நான் 152, அவர் 166. காய்ச்சலுக்குக் காட்டும் டாக்டரும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

2024 பிப்ரவரியில் காது வலி திரும்பத் திரும்ப வருகிறது என்று மதுரைக்குக் கூட்டிப்போனோம். காது பார்த்த டாக்டரம்மா காதைப் பார்த்து முடித்து, கழுத்தைப் பார்த்தார், பின்னங்கழுத்து முடியைத் தூக்கிப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். "பிறந்தப்போ கால் வீங்கியிருந்துச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றுபோனது. பிறந்தபோது ரெண்டு பாதமும் பன்னு மாதிரி இருந்தது. கொலுசு போட முடியவில்லை. ரெண்டு மூன்று மாசத்தில் தானாக வற்றியது, மறந்தும்போனோம். அவர் எழுதிக்கொடுத்து அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் குழந்தைகள் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கப் போனோம்.

அங்கேதான் முதல் தடவையாக உயரம் அளப்பதைப் பார்த்தேன். அளப்பது என்றால் அப்படி. நர்ஸ் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். சடையைப் பிரித்தது, கிளிப்பை எடுத்தது, சாக்ஸைக் கழற்றியது. குதிகால், புட்டம், தோள்பட்டை எலும்பு எல்லாம் பலகையில் படும்படி நிறுத்தியது. தலையை ரெண்டு கையாலும் பிடித்து, கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில் தரைக்கு இணையாக வரும்வரை மெதுவாகத் திருப்பியது. "மூச்சை நல்லா இழு பாப்பா" என்று சொல்லி, காதுக்குப் பின்னால் எலும்பில் விரல் வைத்து லேசாக மேலே தூக்கிக் கொடுத்துக்கொண்டே தட்டையை இறக்கியது. 108.6.

"இல்லம்மா, நூத்திப் பதினொண்ணரை" என்றேன். "வீட்டுல போன வாரம்தான் அளந்தோம்."

"மறுபடி அளக்கிறேன்க்கா." பிள்ளையைக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி, முதலிலிருந்து எல்லாம் செய்தது. 108.5. மூன்றாவது முறை 108.6.

"நான் டெய்லர்மா. அளவு எடுக்கிறதுதான் என் பொழப்பு" என்று சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க உடம்புக்குத் துணி பொருந்துறதுக்கு அளப்பீங்க. அதுல அரை இஞ்ச் லூஸ் விடுவீங்கல்ல? இதுல விட முடியாதுக்கா" என்றது. அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. இப்போது நினைத்தால் அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

ரத்தம் எடுத்துக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் நேரம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொன்றிலும் குரோமோசோமை எண்ணுவார்களாம். ரிப்போர்ட் வர மூன்று வாரம். 45, எக்ஸ். சாதாரணமாகப் பெண் பிள்ளைக்கு 46 இருக்கும், அதில் எக்ஸ் ரெண்டு. என் மகளுக்கு ஒன்றுதான். டர்னர் சிண்ட்ரோம். 1938இல் ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க டாக்டர் ஏழு பெண்களைப் பார்த்து எழுதினாராம், அதனால் அந்தப் பெயர். குரோமோசோம்தான் காரணம் என்று தெரிந்தது 1959இல். ரெண்டாயிரத்திலிருந்து ரெண்டாயிரத்து ஐந்நூறு பெண் குழந்தை பிறந்தால் ஒன்றுக்கு இருக்குமாம். "நீங்க சாப்பிட்டதுனாலயோ, வயசுனாலயோ, சொந்தத்துல கட்டினதுனாலயோ வந்தது இல்லம்மா" என்று டாக்டர் நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். நான் கேட்க வாய் திறந்திருந்தது.

குள்ளம் எப்படி வருகிறது என்பதை எனக்குப் புரிகிற மாதிரி கேட்டேன். எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஷாக்ஸ் என்று ஒரு ஜீன் இருக்கிறது, எலும்பு நீளுவதற்கு அது வேண்டும். எக்ஸில் இருக்கும் மற்ற ஜீன்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் வேலை செய்தால் மறுபக்கம் தூங்கும். ஷாக்ஸ் அப்படி இல்லை, ரெண்டு பக்கமும் ஓடவேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் ரெண்டு தறியில் நெய்ய வேண்டிய புடவையை ஒரே தறியில் நெய்கிறது. தறி பழுது இல்லை, நூலும் குறைவில்லை. அதாவது வளர்ச்சி ஹார்மோன் அவளுக்குப் போதுமானது சுரக்கத்தான் செய்கிறது. இருந்தும் வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுத்தால் எலும்பு நீளும் என்று பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் வளரும் விதமே தனி. பிறக்கும்போதே கொஞ்சம் சிறுசு. முதல் ரெண்டு மூன்று வருஷத்தில் மெதுவாகப் பின்தங்க ஆரம்பிக்கும், ஆனால் கண்ணுக்குப் பட்டென்று தெரியாது. பள்ளிக்கூட வயசில் மற்றவர்கள் வருஷத்துக்கு ஐந்து ஆறு செமீ போகும்போது இவர்கள் நாலோடு நிற்பார்கள். பன்னிரண்டு பதிமூன்றில் மற்றப் பெண்பிள்ளைகள் திடுதிப்பென்று வளருவார்களே, அந்த வளர்ச்சி இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வரவே வராது. சினைப்பை வேலை செய்யாததால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வருவதில்லை. வைத்தியம் எதுவும் பார்க்காமல் விட்டால் தங்கள் ஊர், தங்கள் இனத்துச் சராசரிப் பெண்ணைவிட இருபது செமீ குறைவாக நின்றுவிடுவார்கள். எங்கள் ரெண்டு பேர் உயரத்தையும் கூட்டி, பதிமூன்றைக் கழித்து, ரெண்டால் வகுத்து, "உங்க மகளுக்கு வரவேண்டியது நூத்தி அம்பத்திரண்டரை" என்று டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்டினார். அந்த இடத்தில் இருபதைக் கழித்துப் பார்க்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

எந்த வயசுக்கு எவ்வளவு உயரம் என்று கோடு போட்ட ரெண்டு சார்ட் எடுத்து வைத்தார். ஒன்று 2015இல் இந்தியக் குழந்தைகள் டாக்டர்கள் சங்கம் வெளியிட்டது. அதில் பாப்பாவின் புள்ளி, இருப்பதிலேயே கீழ்க்கோட்டுக்கும் கீழே காலி இடத்தில் விழுந்தது. இன்னொன்று டர்னர் பெண்களுக்கென்றே 1985இல் வெளிநாட்டில் தயாரித்தது. அதில் அதே புள்ளி நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்தது. "இந்தக் கூட்டத்துல பாத்தா உங்க பொண்ணு நடுவுல நிக்கிறா" என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைப் புரட்டிப்போட்டது. "பழைய உயரம் ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களாம்மா? பள்ளிக்கூடக் கார்டு, தடுப்பூசி அட்டை?" கார்டில் இருந்தது ஷூ போட்ட உயரம். வீட்டில் இருந்தது ஒட்டகச்சிவிங்கி. ஆனால் என்னிடம் அளவு நோட்டு இருந்தது. வாடிக்கையாளர் அளவெல்லாம் எழுதும் நீள நோட்டில் கடைசிப் பக்கம் என் பிள்ளைகளுக்கு. தீபாவளிக்குத் தீபாவளி பாவாடை உயரம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. 2021இல் 22 இஞ்ச். 2022இல் 22¾. 2023இல் 23½. நான் எப்போதும் பாவாடையில் உள்பக்கம் ரெண்டு மடிப்பு வைத்துத் தைப்பேன், வளர வளரப் பிரித்துவிட. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அடுத்த வருஷமே ஒரு மடிப்பைப் பிரிக்கக் கொண்டுவருவார்கள். என் மகளின் 2021 பாவாடையில் மடிப்புகள் ரெண்டும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. "துணி மிச்சம்" என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மற்ற அளவுகளையும் நான்தான் எழுதியிருக்கிறேன். தோள் அகலம் அவள் வயசுக்கு ரெண்டு சைஸ் கூட. நெஞ்சு அகலம். கழுத்து அகலம், அதனால் எல்லாச் சட்டைக்கும் கழுத்து வட்டத்தை அரை இஞ்ச் கூட்டி வெட்டுவேன். முழங்கையிலிருந்து கை கொஞ்சம் வெளிப்பக்கமாகப் போகும், அதனால் நேராக வெட்டினால் கைப்பட்டி முறுக்கிக்கொள்ளும், சாய்த்து வெட்டுவேன். அந்த மேல்மாடி டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனபோது, என் நோட்டை யாரோ எனக்கே வாசித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

சரி, சாமானுக்கு வருகிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பித்தால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் அளப்பார்கள், வீட்டிலும் மாசத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள் என்றார்கள். துணி டேப் நம்பிக்கை போய்விட்டது. பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அதில் அளந்தால் எண் குறைச்சலாக வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த ஸ்கேல்.

மாட்டும் விதம்: பெட்டியைத் தரையில் வைத்து, நாடாவின் நுனியை மேலே இழுத்துக்கொண்டே போகவேண்டும். ஜன்னலில் பூஜ்யம் தெரியும் இடத்தில் நுனியைச் சுவரில் ஸ்க்ரூ அடிக்கவேண்டும். பெட்டி தொங்கும். பிறகு ஆளை நிறுத்தித் தட்டையைத் தலைக்கு இறக்கினால் உயரம் ஜன்னலில் தெரியும். படத்தில் சுலபம். படத்தில் இருக்கும் சுவரில் ஸ்கர்டிங் டைல்ஸ் இல்லை. நம் வீடுகளில் எல்லாம் சுவரின் அடியில் நாலு இஞ்ச் உயரத்துக்கு டைல்ஸ் துருத்திக்கொண்டு இருக்கும். குதிகால் அதில் இடிக்கும், முதுகு சுவரில் படாது, பிள்ளை பின்னால் சாயும். எங்கள் வீட்டில் ஸ்கர்டிங் இல்லாத ஒரே இடம் அடுப்படிக்குப் போகும் வாசலின் பக்கச் சுவர். அங்கே தரை வாட்டம் பார்க்க மட்டக்கோல் வைத்தோம், பரவாயில்லை. வாங்குபவர்கள் முதலில் இப்படி ஒரு இடம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கதவின் பின்பக்கப் பலகையில் மாட்டலாம், ஆனால் கதவு ஆடக்கூடாது.

மாட்டிய கையோடு எதிர்த்த ஜவுளிக்கடையில் துணி அளக்கும் மீட்டர் கம்பியை ஐந்து நிமிஷம் இரவல் வாங்கிவந்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் முத்திரை வைக்கிற கம்பி, அது பொய் சொல்லாது. தரையில் நிறுத்தித் தட்டையை இறக்கினால் 100.2. ரெண்டு மில்லிமீட்டர்தான் தப்பு. இந்த விலைக்கு இது நல்ல கணக்கு. அப்புறம் பாப்பாவை நிறுத்தினேன். 108.8. அப்படியே கூட்டிப்போய் ஒட்டகச்சிவிங்கியில் நிறுத்தினேன். 111.7. வீட்டுக்காரர் மீட்டர் கம்பியை ஒட்டகச்சிவிங்கிப் பக்கம் வைத்துப் பார்த்தார். குனிந்து தரையைத் தடவினார். "டைல்ஸு" என்றார். அதற்கு மேல் அன்று ராத்திரி அவர் ஒன்றும் பேசவில்லை.

இனிக் குறைகள். ஜன்னலில் இருக்கும் சிவப்புக் கோடு தடி. அதன் மேல்விளிம்பைப் பார்ப்பதா, நடுவைப் பார்ப்பதா என்று காகிதத்தில் எழுதவில்லை. நான் நடு என்று வைத்துக்கொண்டேன், எப்போதும் அதே. எண்ணும் பொடி. ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால்தான் சரியான எண் கிடைக்கும், நின்றபடி மேலிருந்து பார்த்தால் அரை செமீ ஏமாற்றும். நான் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். தட்டையின் பிளாஸ்டிக் லேசாக வளைகிறது, அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் தாழ்கிறது. அழுத்தாமல் முடி படியும் அளவுக்கு மட்டும் இறக்கவேண்டும். ஸ்பிரிங்கைக் கைவிட்டால் "சடார்" என்று மேலே ஏறும், முதல் தடவை பிள்ளை மிரண்டுவிட்டாள். கையோடு கொண்டுபோய் விடவேண்டும். இவை எல்லாம் சேர்ந்து ஒரு நட்சத்திரம் போனது. வாங்கிய இடத்தில் போன் செய்தால் ஹிந்தியில் வாரண்டி இல்லை என்று சொன்னார்கள், அதற்கு அரை.

சாமானில் குறை இல்லாமல் ஆளிடம் குறை இருந்த கதையும் உண்டு. 2024 ஏப்ரலில் ஊசி தொடங்கியது. பேனா மாதிரி இருக்கும், ராத்திரி படுக்கப்போகும் முன் தொடையிலோ வயிற்றிலோ, தினம் இடம் மாற்றி. அவள் எடைக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மருந்தை ரெண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறைந்துவிடக் கூடாது, அதனால் ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைக்காமல் கதவுப் பக்கம் தயிருக்குக் கீழே ஒரு டிபன் பாக்ஸில். நகைச் சீட்டு ரெண்டும் அதற்கே போகின்றன, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது ஸ்கேல் விமர்சனமாக இருக்காது.

ஊசி தொடங்கிய முதல் வாரம் நான் தினமும் அளந்தேன். காலையில் 109.1. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 108.3. என் அடிவயிறு கலங்கிப்போனது, வளராவிட்டால் போகிறது, குறைகிறதே என்று. மறுநாள் காலையில் மறுபடி 109. "நாத்து நட்டுட்டு மறுநாளே கதிர் வந்துச்சான்னு பாக்குறவளை இப்பதான் பாக்குறேன்" என்றார் வீட்டுக்காரர். டாக்டரிடம் கேட்டபோது, பகலெல்லாம் நின்று நடக்கும்போது முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் மெத்தைகள் அழுந்தி எல்லோருமே சாயங்காலம் கொஞ்சம் குறைவோம், படுத்து எழுந்தால் திரும்பிவிடும் என்று சொன்னார். நல்ல மருந்து நன்றாக வேலை செய்தாலும் மாசத்துக்கு ஆறு ஏழு மில்லிமீட்டர்தான். அளப்பதில் வரும் தப்பே ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். அப்புறம் எதை வைத்து வளர்ச்சி என்பது? ஆறு மாசம் இடைவெளி விட்டுக் கழித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அதிலிருந்து மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, எழுந்து பல் விளக்கியதும், தலை வாருவதற்கு முன். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதுவேன். அந்த நர்ஸ் பெண் செய்த மாதிரியே.

இப்போது அவளே கற்றுக்கொண்டாள். தானே குதிகாலைச் சுவரோடு ஒட்டி, "கண்ணும் காதும் ஒரே கோட்டுல இருக்காம்மா?" என்று கேட்பாள். முதலில் குதிகாலை ரகசியமாகத் தூக்குவாள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், குதிகாலுக்கு அடியில் பாதி மாட்டி ஒரு காகிதத் துண்டு வைப்பேன், இழுத்தால் வரக்கூடாது. அண்ணன்காரன் அவனும் அளக்கச் சொல்லி நிற்பான். அவன் போன ஆடியிலிருந்து தடதடவென்று ஏறுகிறான். அவனை அவள் இல்லாத நேரம் அளக்கிறேன்.

கணக்கு இதுதான். 2024 ஏப்ரல் 109.0. 2025 ஏப்ரல் 116.6. ஒரு வருஷத்தில் 7.6. முதல் வருஷம்தான் வேகம், பிறகு குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதேபோல 2025 அக்டோபரில் 119.5, ஆறு மாசத்தில் 2.9. ஆஸ்பத்திரி எண்ணுக்கும் என் எண்ணுக்கும் ஒருமுறைகூட நாலு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. இப்படி ஐந்தாறு வருஷம் போட்டால் மொத்தத்தில் ஐந்திலிருந்து எட்டு செமீ கூடக் கிடைக்கலாம் என்கிறார்கள், கிடைக்காமலும் போகலாம். நாலைந்து வயசிலேயே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை நான் அதிகம் யோசிப்பதில்லை, வாசல் பக்கம் போகும்போது ஒட்டகச்சிவிங்கி கண்ணில் பட்டால் தவிர. பதினொன்று பன்னிரண்டு வயசில் ஈஸ்ட்ரோஜன் மிகக் கொஞ்சமாகத் தொடங்கி, ரெண்டு மூன்று வருஷத்தில் படிப்படியாகக் கூட்டுவார்களாம். வேகமாகக் கூட்டினால் எலும்பின் வளரும் முனை சீக்கிரம் மூடிவிடும். இதயத்துக்கு எக்கோ பார்த்தாயிற்று, வால்வு, ரத்தக்குழாய் ரெண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். சிறுநீரகம் ரெண்டும் கீழே ஒட்டி லாடம் மாதிரி இருக்கிறது, தொந்தரவு இல்லை. தைராய்டு வருஷம் ஒருமுறை. ஊசி போடும் பிள்ளைகளுக்கு முதுகு வளைகிறதா, இடுப்பு வலிக்கிறதா, தலைவலி வருகிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஸ்கேலில் நிற்கும்போதே முதுகையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுவேன்.

இந்தத் தீபாவளிக்குப் பாவாடை உயரம் 26 இஞ்ச். அரக்குக் கலரில் சுங்குடிப் புள்ளி போட்ட துணி. போன வருஷப் பாவாடையின் ரெண்டு மடிப்பையும் ஆவணியிலேயே பிரித்துவிட்டேன். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு வெளுக்காமல் புதுத்துணிக் கலரில் தெரிகிறது, அதை மறைக்க ஒரு ஜரிகை வைத்துத் தைக்கச் சொல்லி அவளே ஜரிகை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒட்டகச்சிவிங்கியை உரிக்க விடமாட்டேன் என்கிறாள். அதனால் அடியில் "3ஐக் கழிக்கவும்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்கலாமா என்றால் வாங்கலாம். பரிசுக்கு வாங்குபவர்களுக்கு ஸ்டிக்கரே போதும், ஆனால் அதை நம்பி டாக்டரிடம் எண் சொல்லாதீர்கள். ஆறு மாசத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்தே ஆகவேண்டிய வீட்டுக்கு இது உதவும். மாட்டியதும் ஜவுளிக்கடை மீட்டர் கம்பியில் சரிபாருங்கள், டைல்ஸ் மாற்றினால் கழற்றி மறுபடி பூஜ்யம் வைத்து மாட்டுங்கள். ஸ்க்ரூவும் அதற்குச் சுவரில் வைக்கும் பிளக்கும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் வருவது பூச்சுச் சுவரில் ஒரு மாசம்கூட நிற்காது.